அவர் சொல்லாத கடைசி ஆசை

எஸ்பியர்க்
டென்மார்க்
8 ஏப்ரல் 2026

விமலராணிக்கு,

சுகமா என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன். உம்மோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை வைத்தேன். கதைக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. தெருமுனையில் நின்ற சிவப்புத் தபால்பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தக் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்கு என்னை அலைய வைத்திருக்கிறீர்.

என் தம்பி கோணேஸ்வரன் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. செப்டெம்பரில்தான் ஆண்டுத்திவசம். அதற்குள் அவனுடைய மனைவி மே மாதக் கடைசியில் நோர்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் நுழைகிற ஃபியோர்டுகளைப் பார்க்கச் சொகுசுக் கப்பலில் போகிறாளாம். அதுவும் உம்முடைய சிநேகிதி செசிலியாவோடு. செசிலியாவுக்கு என்ன, அவ வேதக்காரி, மாதாகோயிலுக்குப் போகிறவ, எங்கள் துடக்குத் தீட்டும் திவசமும் அவவைக் கட்டாது. உம்மைக் கட்டும். வருடம் முடியும்வரை கலியாண வீட்டு வாசலையே மிதிக்காத ஆட்கள் நாங்கள். என்னுடைய மனுசன் செத்த வருடம் வேலையும் வீடும் தவிர வேறெங்கும் நான் கால் வைக்கவில்லை. இந்த ஊரில் அதை அறியாதவர் இல்லை.

நீர் கப்பல் ஏறினால் தம்பியின் திவசத்துக்கு நான் பிராண்டேக்கு வரமாட்டேன். கூடப்பிறந்தவள் இல்லாமல் அந்தப் படையலை வையும். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. சில்க்போர்க்கில் முழங்கால்வரை தொங்கும் பஞ்சுக்கோட் ஒன்று வாங்கினீராம். செசிலியா சொன்னா. நீர் போவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போகிற எவரும் அப்படி ஒன்றை வாங்கக்கூடாது. நனைந்தால் அது ஈரமெத்தை. வெயில் வந்தால் கழற்றிக் கையில் சுமந்துகொண்டு திரிய வேண்டும். அந்த மலைகளுக்கு நடுவில் வெயிலும் மழையும் ஆலங்கட்டியும் ஒரே காலையில் வரும் என்கிறார்கள். தோலோடு ஒட்ட மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு. அதற்கு மேல் ஒரு ஸ்வெற்றர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. ஒவ்வொன்றாகப் போடலாம், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மீன் தொழிற்சாலைக் குளிரறையில் காலத்தைக் கழித்தவள் சொல்கிறேன், பருத்திப் பனியனை மட்டும் உள்ளே போடாதீர். வியர்வையைப் பிடித்து வைத்திருந்து பிறகு உம்மையே விறைக்க வைக்கும்.

கோபத்துடன்,
தங்கமலர்


பிராண்டே
15 ஏப்ரல் 2026

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. முதற்பாதியை வாசித்து அழுதேன். மற்றப் பாதியை வாசித்துவிட்டுப் பஞ்சுக்கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் போகிறேன்.

உங்கள் தம்பிக்குச் செய்ய வேண்டிய எதையும் நான் குறைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்தேன், மாதா மாதம் அவர் செத்த திதியில் விரதமும் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க மற்றவர்களைக் குளிக்க வார்த்துவிட்டு வந்து, அவருடைய படத்துக்கு விளக்கு வைக்காமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. துக்கம் எனக்கு இருக்கிறது. அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால்தான் துக்கம் என்று நீங்கள் சொல்வதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், டெனிஷ் படித்த பள்ளிக்கூடச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற படம். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் அவரைக் கேட்டிருக்கிறேன். "தண்ணியைப் பாக்க நோர்வேக்குப் போகவேணுமே? சில்க்போர்க்கில ஏரி கிடக்குத்தானே, காரை எடுக்கிறன், வாரும்" என்பார். கூட்டிக்கொண்டும் போவார், ஐஸ்கிறீமும் வாங்கித் தருவார். நல்ல மனுசன்தான். ஆனால் எங்கள் லீவெல்லாம் லண்டன் கலியாணத்துக்கும் ரொறன்ரோ கலியாணத்துக்கும் பாரிஸில் அந்தக் கலியாணங்களுக்குச் சேலை எடுக்கவும் போனது. நான் கண்ட உலகம் முழுக்க மண்டபம்.

செப்டெம்பர் கழியப் போகலாமே என்பீர்கள். என்னுடைய முழங்கால் எந்த மாதம் வரை பொறுக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கோடை, அடுத்த கோடை என்று அவரும்தான் சொன்னார். இனி அந்தச் சொல்லை நான் நம்புவதாக இல்லை.

பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். கொழும்புக்குப் போகிற பழக்கத்தில் பெட்டியைத் தூக்கிக் குளியலறைத் தராசில் வைத்து நிறுத்தேன். செசிலியா விழுந்து விழுந்து சிரித்தா. "கப்பலுக்கு ஆர் நிறுக்கப் போகினம்?" சோறு காய்ச்சுகிற மின்பானையையும் எடுத்து வைத்திருந்தேன். சூடாகிற சாமான் எதுவும் அறைக்குள் கொண்டுவரக்கூடாதாம், வெளியே எடுத்துவிட்டேன். பஞ்சுக்கோட்டுக்குப் பதிலாக மழைச்சட்டை வாங்கினேன். சாம்பல் நிறத்திலும் இருந்தது. நான் சிவப்பை எடுத்தேன்.

நீங்கள் இல்லாத திவசம் எனக்கு வேண்டாம். கப்பலும் எனக்கு வேண்டும். இரண்டும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள்
விமலராணி


எஸ்பியர்க்
23 ஏப்ரல் 2026

விமலா,

இனிச் சண்டைக்குத் தேவையில்லை. நான் வழி கண்டுபிடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசைக்குக் கோயிலுக்குப் போனேன். மடைப்பள்ளியில் சுசீலாதேவியும் ஆட்களும் நின்று உம்மைப் பற்றித்தான் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வாயை மூடினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும்? அது என்ர தம்பியின்ர கடைசி ஆசை. எனக்காக நீர் ஒருக்கால் அந்த மலையளைப் போய்ப் பாரும் எண்டு அவளிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் கண்ணை மூடினவன்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. சுசீலாதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. ஒரு நிமிடத்தில் நீர் ஊர்சுற்றி இல்லை, பதிவிரதை.

திவசத்துக்கு அடிக்கிற நினைவு மலரிலும் இதை ஒரு பந்தியாக எழுதிச் சேர்த்துவிட்டேன். இனி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நானும் தாராளமாகத் திவசத்துக்கு வரலாம். நீர் கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டது.

இத்தோடு ஒரு பொதி வருகிறது. கம்பளி உள்ளுடுப்பு, மேலுக்கும் காலுக்கும். நீளமான கம்பளிக் காலுறை. சப்பாத்து ஒரு அளவு பெரிதாக எடும், தடித்த காலுறையோடு இறுக்கினால் விரலுக்கு இரத்தம் ஓடாது. தொப்பி காதை மூட வேண்டும், அழகு பார்க்கிற தொப்பி வேண்டாம். கறுப்புக் கண்ணாடியும் எடும். பனி கிடக்கிற மலையில் வெயில் பட்டால் கண் கூசும்.

அன்புடன்,
மச்சாள்


பிராண்டே
2 மே 2026

மச்சாள்,

நீங்கள் அனுப்பிய கம்பளிகளுக்குப் பெட்டியில் இடமில்லாமல் போய்விட்டது. ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் கதை கோயிலிலிருந்து இறங்கி என்னுடைய வீட்டுக்கு வந்தது. சுசீலாதேவியக்கா விபூதியும் பூவும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தா, அவருடைய பெயர் சொல்லிக் கடலில் போட வேண்டுமாம். பாக்கியராசா வீட்டுக்காரர் கற்கண்டும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்தார்கள். ஒருவர் அவருடைய படத்தைச் சந்தனமாலையோடு சட்டம் போட்டுக் கொண்டுவந்தார், அவரும் மலையைப் பார்க்கட்டுமாம். ஒருவர் தேங்காய். கப்பலின் மேல்தட்டில் தேங்காய் உடைத்தால் முதலில் என்னைத்தான் கடலில் இறக்குவார்கள். எல்லோரும் என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இத்தனை மாதத்தில் எட்டிப் பார்க்காதவர்களும் வந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வாங்கி அடுக்கினேன். கடைசியில் பெட்டி நிறைந்துவிட்டது. அதற்குள் என்னுடைய உடுப்பு ஒன்றும் இல்லை.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. உங்களில் வந்தது.

அவர் ஒன்றும் சொல்லாமல் போனார், மச்சாள். தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்தில் விழுந்த மனுசன். நான் போய்ச் சேர்ந்தபோது துணி போர்த்தியிருந்தார்கள். அன்று காலையில் வெளிக்கிடும்போது "சாப்பாட்டுப் பெட்டி எங்கை?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது. அந்த இடத்தில் நீங்கள் அழகான ஒரு பொய்யைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சாப்பாட்டுப் பெட்டி போதும். அது உண்மை.

போக வேண்டும் என்பது என்னுடைய ஆசை. அவர் வேண்டாம் என்று சொன்ன ஆசை. கலியாணம் கட்டியதிலிருந்து என்னிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் எடுத்து அவருடைய பெயரை எழுதிவிட்டீர்கள். புருசன் சொன்னால் போகலாம், தானாக நினைத்தால் போகக்கூடாது என்றால், அப்படி ஒரு பயணத்துக்கு நான் பெட்டி கட்டமாட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. வருடம் முடியாமல் கோயிலுக்குள் போகமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வெளியே கார் விடுகிற இடத்தில் நின்றேன். நல்ல மழை. புதுச் சட்டை ஒழுகுகிறதா என்று பார்க்கவும் வசதியாக இருந்தது, ஒழுகவில்லை. பூசை முடிந்து வந்தவர்களிடம் அவரவர் தந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். "அவர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை அக்கா. நான்தான் ஆசைப்பட்டுப் போறன்" என்றேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். சுசீலாதேவியக்கா பொட்டலத்தை வாங்காமல் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினா. நான் அதைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

நினைவு மலரில் அந்தப் பந்தி வரக்கூடாது.

விமலராணி


எஸ்பியர்க்
9 மே 2026

விமலராணிக்கு,

என்னைப் பொய்க்காரி என்று கோயில் வாசலில் நின்று ஊருக்கே சொல்லிவிட்டீர். உமக்காகச் சொன்ன பொய். இந்த நாட்டில் இத்தனை வருடம் ஒருவர் என்னைப் பார்த்து விரல் நீட்டியதில்லை. இந்தக் கிழமை மூன்று பேர் தொலைபேசி எடுத்து, "உண்மையாக் கோணேஸ் என்ன சொன்னவர்?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டபோது சிரித்தார்கள்.

போய் வாரும். திவசத்தை நீரே செய்யும். நான் வரமாட்டேன். இது முடிவு.

தங்கமலர்


பிராண்டே
19 மே 2026

அன்புள்ள மச்சாளுக்கு,

இந்த முறை குளிரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எவ்வளவு நொந்துபோயிருக்கிறீர்கள் என்று அதிலிருந்துதான் எனக்கு விளங்கியது.

உங்களை நோகடிக்க வேண்டும் என்று அங்கே போய் நிற்கவில்லை. நொந்தது எனக்குக் கவலை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பெட்டியைத் திரும்பவும் கட்டினேன். எங்கே போவதென்றாலும் அவர்தான் கட்டுவார், நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பேன். இந்த வயதில் தனியாகக் கட்டிய முதற்பெட்டி இது. உங்கள் கம்பளிகள் அடியில். ஸ்வெற்றர் மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று. சிவப்புச் சட்டை மேலே, கையில் எட்டுகிறபடி. சப்பாத்து ஒரு அளவு பெரிது. வாந்தி வந்தால் விழுங்கக் குளிசை. நனைந்ததைப் பிரித்து வைக்கப் பிளாஸ்டிக் பைகள். கையுறை எது நல்லது என்று கேட்க உங்களைத்தான் நினைத்தேன். கேட்க முடியாமல் கடையில் நின்று தடித்ததாக ஒன்றை எடுத்தேன்.

நீச்சலுடுப்பும் வாங்கியிருக்கிறேன். மேல்தட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதாம், மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமாம். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஒளித்து வைத்துவிட்டு உங்களுக்குக் கடிதம் எழுதி என்ன பயன்?

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சாள். கப்பலுக்கு இல்லை. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, இந்த டென்மார்க்கில் எனக்கு என்று ஒருவரும் இருக்கமாட்டார்களோ என்று. இருந்தும் போகிறேன்.

விமலா


நோர்வே, கப்பலில் இருந்து
29 மே 2026

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

இன்று காலை ஃபியோர்டுக்குள் நுழைந்தோம். வெளிக்கிடும்போது வெயில், ஸ்வெற்றரைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். கோப்பி குடித்து முடிவதற்குள் மழை. பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது, அதோடு ஆலங்கட்டி. ஆட்கள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். செசிலியாவும் ஓடினா. நான் நின்றேன். உடம்பில் ஒரு இடத்தில்கூடக் குளிர் ஏறவில்லை. கையில் மட்டும் ஏறியது. அந்தத் தடித்த கையுறை நனைந்து ஊறி, கழற்றிப் பிழிந்தால் தண்ணீர் ஓடுகிறது, மாற்ற வேறு சோடி இல்லை. நீங்கள் எழுதியிருந்தால் இரண்டு கொண்டுவந்திருப்பேன். உங்கள் கோபத்துக்கு என்னுடைய விரல் விறைத்தது.

மலை உண்மையாகவே நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பக்கத்தில் நின்றிருந்தால், "பாத்தாச்சுத்தானே, அறைக்குப் போவம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். அதை நினைத்துச் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன், அதுவும் சத்தமாகத்தான். ஆலங்கட்டிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. செசிலியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்திருக்கிறா.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் வேறு ஒருவருக்கும் எழுதமுடியாது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அவர் செத்த பிறகு முதல்தரம் சந்தோஷமாக இருந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

திவசத்துக்கு வாருங்கள். வரமாட்டீர்கள் என்றாலும் உங்களுக்கு ஒரு இலை போட்டு வைப்பேன். அந்த இடத்தில் வேறு ஆளை இருக்க விடமாட்டேன்.

உங்கள்
விமலா


எஸ்பியர்க்
13 ஜூன் 2026

விமலா,

வந்து சேர்ந்தீர் என்று அறிந்தேன். ஆலங்கட்டிக்குள் கையுறையைக் கழற்றிப் பிழிந்தீராம். தொழிற்சாலையில் அப்படிச் செய்தால் ஏசித் துரத்தியிருப்பேன். மெல்லிய கம்பளிக் கையுறை உள்ளே, தண்ணீர் புகாதது வெளியே. இனி ஞாபகம் வைத்திரும்.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். போக மனமில்லை, போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். செசிலியா எடுத்த படம் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. சுசீலாதேவி அதை எனக்கு நீட்டி, "பாருங்கோவன், மனுசன்ர வருசம் முடியேல்லை, வாயைப் பிளந்து சிரிக்கிறதை" என்றா. எல்லோரும் என்னுடைய முகத்தைப் பார்த்தார்கள். நான் ஓம் என்று சொல்லுவேன் என்று காத்திருந்தார்கள். எனக்கும் உம்மில் கோபம் தீரவில்லை, சொல்லியிருப்பேன்.

படத்தைப் பார்த்தேன். ஆலங்கட்டிக்குள் நின்று சிரிக்கிறீர். எனக்கு என்னுடைய மகள் துவாரகாவின் நினைப்பு வந்தது. என்னுடைய மனுசன் செத்த அதே வருடம் அவள் ஜிம்னேசியப் பள்ளிப் படிப்பை முடித்தாள். பரீட்சை முடித்து வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளை லொறியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுவருவார்களே, அந்த லொறி எங்கள் தெருவுக்கும் வந்தது. எல்லா வீட்டிலும் தாய் தகப்பன் வாசலில் நின்று கொடி ஆட்டினார்கள். துக்க வீடு என்று நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். லொறி எங்கள் வாசலில் நின்று ஹோன் அடித்துவிட்டுப் போனது. "தங்கமலர் எவ்வளவு ஒழுங்காத் துக்கம் காக்கிறா" என்று அப்போது ஊர் மெச்சியது. மெச்சியவர்களில் ஒருவரும் இப்போது என்னுடைய வீட்டுப் பக்கம் வருவதில்லை. அந்த லொறியும் திரும்ப வராது. எனக்கு அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓட வேண்டும் போல இருந்தது, விமலா. இதை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

தொலைபேசியைச் சுசீலாதேவியிடம் திருப்பிக் கொடுத்தேன். "அவளுக்கு ஆசை, போனாள். என்ர தம்பி ஒண்டும் போகச் சொல்லேல்லை, போகவேண்டாம் எண்டுதான் காலம் முழுக்கச் சொன்னவன். பொய் சொன்னது நான். இனி ஆரும் ஏதும் கேக்கிறதெண்டால் என்னட்டைக் கேளுங்கோ, அவளிட்டப் போகாதேங்கோ. இப்ப கத்தரிக்காயை வெட்டுங்கோ" என்றேன். கத்தரிக்காய் வெட்டி முடிந்தது.

நினைவு மலரில் இருந்து அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன்.

திவசத்துக்கு முதல்நாளே வருவேன். சமையலை என்னிடம் விடும், நீர் உப்பைக் கூட்டிப் போடுவீர். வருகிறவர்களில் யாராவது உம்மைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் என்னிடம் அனுப்பும், வாசலில் வைத்தே கதைக்கிறேன். படையலை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கத் தம்பிக்கும் நானே சொல்வேன்: "உன்ர மனுசி உன்னைக் கேக்காமல் போயிட்டு வந்திட்டாள். நல்லா இருந்ததாம்."

மச்சாள்